கழுகுமலையில் வந்த சிவப்புப் பூ

எங்கள் மகளுக்கு ஒரு வரன் வந்தது. ஆழ்கடலில் நீரோட்டம் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்கிற வேலை பையனுக்கு என்றார், வரன் கொண்டுவந்த உறவுக்காரர். கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற எனக்கு, அப்படியொரு வேலை இருப்பதே அன்றுதான் தெரியும்.

என் வீட்டுக்காரிக்குக் கடல் என்றாலே பயம். கழுகுமலை முருகன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம்; வெள்ளை வந்தால் சம்மதம். அங்கே நின்ற ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் இருந்தது சிவப்பு அரளி. சாமியே சொன்ன பிறகு பேச்சு ஏது? பூ வந்த விவரத்தைச் சொல்லி, வேண்டாமென்று உறவுக்காரரிடம் சொல்லியனுப்பினோம். ஒரு கல்யாண வீட்டில் பையனைப் பார்த்திருந்த மகள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

மறுவாரம் அந்தப் பையனே தன் அம்மாவோடு கடை வாசலில் வந்து நின்றார். வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சாமியிடம் என்ன கேட்டீர்கள் என்று மட்டும் விசாரித்தார்.

"கடல்ல போற பிள்ளைக்குப் பொண்ணக் குடுக்கலாமான்னு கேட்டேன்," என்றாள் என் வீட்டுக்காரி.

"நான் கடல்ல போனதே இல்லையே, அத்தை."

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சென்னையில் ஓர் அறைக்குள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வெயில் எட்டாத ஆழத்துத் தண்ணீர் எப்படி நகரும் என்று கணக்குப் போடுவாராம். அந்த ஆழத்தின் உப்பையும் குளிர்ச்சியையும் கப்பலில் போகிறவர்கள் அளந்து அனுப்புவார்களாம். தொடக்கத்தில் கொடுக்கும் அளவு கொஞ்சம் பிசகினாலும் விடை எங்கோ போய்விடும் என்றார்.

சாமியிடம் கேட்டதே பிசகு என்றால் இன்னொரு தடவை பூக்கட்டிப் பாருங்களேன் என்றார் அவருடைய அம்மா.

"சாமிகிட்ட ஒருக்கதான் கேக்கணும், மதினி. கடல்ல போறவியளுக்குக் குடுக்க வேண்டாம்னு சொல்லிட்டாரு. இவியதான் போகலியே." என் வீட்டுக்காரியின் முகம் தெளிந்துவிட்டது. "இனியும் போவ மாட்டீங்கள்லா?"

அவர் தலை குனிந்தார். கணக்கு சரிதானா என்று அளந்து பார்க்க, அடுத்த மாதம் முதன்முதலாகக் கப்பலில் போகச் சொல்லியிருக்கிறார்களாம். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. காப்பி டம்ளரை எடுக்கக் குனிந்த என் வீட்டுக்காரி அப்படியே நின்றுவிட்டாள்.

அடுப்படியிலிருந்து மகளின் குரல் வந்தது.

"பொய் சொல்லத் தெரியாத ஆள முருகன் கரைசேப்பான்மா. அவிய போயிட்டு வரட்டும். நான் காத்திருக்கேன்."

பெரியவர்கள் பேசும் இடத்தில் அவள் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. என் வீட்டுக்காரி சாமி படத்தடிக்குப் போனாள். திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள்.

"கப்பல்ல ஏறும்போது பூசிக்கிடுங்க, மாப்பிள்ளை."