பெருங்கடவிளையில் வெயில் வந்த அன்று

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை டவுன் பஸ்ஸில் காசில்லாமல் வந்தேன். நம் பக்கம் பெண்களுக்கு அந்தச் சலுகை இருக்கிறது. களியக்காவிளையில் மாறி ஏறிய கேரள பஸ்ஸில் கண்டக்டர் கையை நீட்டியபோதுதான் எல்லை தாண்டிவிட்டது உறைத்தது. பைக்குள் கைவிட்டுத் துழாவினேன்.

"தமிழ்நாட்டு சேச்சிமாருக்கு இந்த எடத்துல ஒரு முழி உண்டு. மெதுவா எடுங்க" என்று அவர் சிரித்தார். உதியன்குளங்கரைக்குப் பதினைந்து ரூபாய். பாறசாலை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரை இறக்கிய பஸ்ஸுக்குள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

பங்குனி மாதம் அது. காலையில் கோவில்பட்டியில் ரயில் ஏறும்போதே கழுத்தில் வேர்வை வழிந்தது. இங்கே சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் தங்கை சாந்தியை ஊருக்குக் கூட்டிவரத்தான் இந்தப் பயணம். தீப்பெட்டி லோடு ஏற்ற வந்த லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவள் அவள். போன ஐப்பசியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் மகன் துபாயில். கோவில்பட்டியில் நானும் தனிக்கட்டை. தையல் மிஷினோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது? மாடி அறைக்கு வெள்ளையடித்து, அவளுக்கென்று கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை திரும்பும் ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

உதியன்குளங்கரை முக்கில் ஆட்டோ பிடித்தேன். பெருங்கடவிளைக்கு நூற்றைம்பது ரூபாய். இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு, தொடைக்கடியில் சொருகிக்கொள்ளச் சொன்னார் டிரைவர்.

"எப்பவும் இப்படித்தானா அண்ணாச்சி?"

"மீன மாசத்துல, உங்க பங்குனியில, மழ உண்டு. உச்சைக்கு மேல ஒரு இடி, ஒரு பெய்ப்பு, பிறவு தெளிஞ்சிரும். இது அப்படி இல்ல. காலம்பற தொடங்கினா விட மாட்டேங்கு. என் அம்மைக்கு கம்பளி எடுத்து குடுத்துட்டாக்கும் வண்டி எறக்கினேன்."

சாந்தி வீட்டு வாசலில் குடையோடு நின்றாள். கட்டிப்பிடித்தபோது அவள் நைட்டியில் புகை நாற்றம் அடித்தது. வீட்டுக்குள் போனதும் காரணம் தெரிந்தது. துணியெல்லாம் அடுப்புக்கு மேல் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இரண்டு பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருந்தது. தீப்பெட்டி ஊர்க்காரி நான். இங்கே ஒரு தீக்குச்சியைப் பற்றவைக்க நான்கு குச்சியை உரச வேண்டியிருந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது.

சாயா குடிக்கும்போதே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். "ஏட்டி, வியாழக்கிழமை என் கூட வா. இருந்து பாரு. பிடிக்கலைன்னா திரும்பி வந்துரு."

அவள் கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தாள். "எனக்க பெட்டி இருக்கே அக்கா."

பெட்டி என்றால் தேனீப்பெட்டி. அவள் புருஷன் லாரியை விட்ட பிறகு ஆரம்பித்த தொழில் அது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் இந்த இரண்டு மாதம்தான் அதற்குச் சீசன். தளிர் இலைக் காம்பில் தேன் கசியும். அதை எடுக்கத்தான் பெட்டிகளை ரப்பர் தோட்டத்தில் கொண்டு வைப்பார்கள். அவருக்குப் பிறகு இந்த வருஷம்தான் சாந்தி தனியாக வைத்திருக்கிறாள். இருபது பெட்டி, ஒற்றசேகரமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில்.

"மழ தெளியட்டும். தெளிஞ்ச அன்னைக்கு நான் வாறனா இல்லையான்னு சொல்லுதேன்" என்றாள்.

திங்கட்கிழமை முழுக்க மழை. எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். வானத்தைப் பார்த்தேன். செருப்பைத் திருப்பிப் பார்த்தால் பூசணம். பக்கத்துக் கடை வரைக்கும் போய்க் காரணமில்லாமல் இரண்டு பழம் வாங்கினேன். வரும்போது முட்டி வரை நனைந்து வந்தேன். "அக்கா, ஒரு எடத்துல அடங்கி இரி. உன்னைக் கண்டா எனக்கு தலை சுத்துது" என்று சாந்தி கத்தினாள். வெளியில் எந்நேரமும் சொட்டுச் சத்தம். ஓட்டுக்கு, வாழைக்கு, தகரத்துக்கு என்று தனித்தனிச் சத்தம். எங்கள் ஊரில் ராத்திரி மழை பெய்தால் எழுந்து உட்கார்ந்து கேட்போம். இங்கே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை அவளோடு தோட்டத்துக்குப் போனேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் ஐந்தாறு கிலோமீட்டர், பிறகு செம்மண் சரிவில் நடை. சகதியில் என் செருப்பு ஒன்று மாட்டிக்கொண்டது. அவளோ சீனிப்பாகு நிறைந்த கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிப் போனாள்.

மரங்களுக்குக் கீழே தளிர் இலைகள் விழுந்து கிடந்தன. குளிரிலும் ஈரத்திலும் பூசணம் பிடித்து உதிர்ந்தவை. மரத்தில் நிற்கும் இலைகளில் ஊறிய தேனையும் மழை கழுவிவிட்டது. நான் குடை பிடித்தேன். அவள் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, உள்ளே ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்துப் பாகு ஊற்றி, தேனீக்கள் முங்கிச் சாகாமல் நின்று குடிக்க ஒரு துண்டு வைக்கோல் போட்டு மூடினாள். உள்ளே ஈக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நடுங்குவதுபோல இருந்தன. மூன்று பெட்டி காலியாக இருந்தது.

"செத்துப் போச்சா?"

"ஓடிப் போச்சு. பசி தாங்காம."

"இந்த மழையிலயா?"

"மழையில போவாது அக்கா. மழை இருக்க வரைக்கும் அடைஞ்சு கெடக்கும். வெயிலு கண்ட உடனே, இனி இஞ்ச நமக்கு ஒண்ணும் இல்லன்னு தோணினா, கூட்டத்தோட எறங்கிப் போவும். போன வாரம் ஒரு மணிக்கூர் வெயிலு அடிச்சுது. மூணு பெட்டி போச்சு."

"அப்போ உனக்கு வெயில் வேணுமா வேண்டாமாட்டி?"

"வேணும்" என்றாள். மூடியை அழுத்திக்கொண்டே, "பயமாவும் இருக்கு" என்றாள்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரர் தங்கராஜ் அப்போது குடையோடு வந்தார். அறுபது வயது இருக்கும். சாந்தி மேல் பெட்டிகளுக்குப் போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "அக்காவாக்கும் இல்லையா? நீங்க சொன்னா அவ கேப்பா. அந்தப் பெட்டியள எனக்கு தந்திரச் சொல்லுங்க. ஒத்தைக்கு இந்த மழையில கெடந்து அலையுதா. கண்டு நிக்க முடியல்ல. நல்ல வெல தாறேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். வாங்க ஆள் ரெடி. இன்னும் இரண்டு பெட்டி போனால் போதும், இவள் வந்துவிடுவாள். மழைக்காகக் கோவிலில் பானை நிறையத் தண்ணீர் ஊற்றும் ஊரிலிருந்து வந்தவள், ஈக்கள் ஓட வேண்டும் என்று அந்தத் தோட்டத்தில் நின்று மனசார நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தேன். மாடியில் அந்தக் கட்டில் சும்மா கிடப்பது எனக்கல்லவா தெரியும்?

அன்று சாப்பாட்டின்போது தங்கராஜ் கேட்டதைச் சொன்னேன். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். சாந்தி முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "அவரு நல்ல மனுசன்" என்று மட்டும் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாதி ஜெயித்த மாதிரி.

புதன்கிழமை கண் விழித்தபோது ஏதோ குறைந்தது. சொட்டுச் சத்தம் இல்லை. ஜன்னலைத் திறந்தால், சுவரில் மஞ்சளாக வெயில்! தெருவே வெளியில் வந்து நின்றது. வேலியில், கிணற்றுச் சுவரில், நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் எல்லாம் துணி. எதிர்வீட்டில் மெத்தையைத் தூக்கி மதிலில் போட்டுவிட்டார்கள். நான் என் சேலையை விரிக்கப் போனேன். சாந்தி அதற்குள் கேனைத் தூக்கிவிட்டாள். "அக்கா, வாறதுன்னா ஓடி வா."

தோட்டத்தில் மரமெல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஈக்கள் வாசலில் வந்து வெயில் காய்ந்தன, பறந்தன, திரும்பி வந்தன. சாந்தி ஒவ்வொரு பெட்டியாகக் காது வைத்துக் கேட்டுக்கொண்டு போனாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் வந்ததிலிருந்து பார்க்கவில்லை. என்னை ஒரு ஓரத்தில், கை கழுவ வைத்திருந்த வாளிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு மிக அருகில் இருந்த பெட்டி இரைந்தது. வாசலில் இருந்து ஈக்கள் கொட்டின. பறப்பது என்று சொல்ல முடியாது, கொட்டின. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கூட்டம் சுழல ஆரம்பித்தது.

"சாந்தி! ஏட்டி, போகுதுட்டி!"

அவள் சரிவின் மேலே நின்றாள். ஓடி வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. கேனைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கைவிட்ட ஆள் மாதிரி இருந்தது அந்த நிற்பு. அவள் புருஷன் செத்த அன்று இதே மாதிரி நின்றாள்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. வாளியில் கிடந்த கப்பை எடுத்து, அண்ணாந்து தண்ணீரை வீசினேன். இன்னொரு கப். இன்னொன்று. எங்கள் வீட்டில் குழம்புச் சட்டி கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுகிறவள் நான். காதில் ஒரு கொட்டு, புறங்கையில் ஒரு கொட்டு. கத்திக்கொண்டே வீசினேன். கூட்டம் தாழ்ந்தது. மழை என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, வேலியோரம் நின்ற கொல்லா என்கிற முந்திரி மரத்தின் தாழ்ந்த கொம்பில் போய் ஒட்டியது. முதலில் ஒரு பிடி, பிறகு ஒரு பலாப்பிஞ்சு அளவு, பிறகு பெரிய பந்து.

சாந்தி ஓடி வந்தாள். பதற்றப்படாமல் இரண்டு கையாலும் அந்தப் பந்தைக் கொம்பிலிருந்து அள்ளினாள். ராணித் தேனீ அகப்பட்டதும் "கிட்டிப்போச்சு" என்றாள். பெட்டிக்குள் விட்டாள். மிச்சமெல்லாம் வரிசையாக உள்ளே நடந்தன. ஒரு சிரட்டை நிறையப் பாகு ஊற்றி மூடிவிட்டு, பெட்டி மேல் நெற்றியை வைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கொட்டிய வலி என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை வரை வெயில் இருந்தது. வேறு பெட்டி எதுவும் போகவில்லை. வீட்டில் அவள் என் காதுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டாள். மழை தெளிந்தால் சொல்கிறேன் என்றிருந்த பதிலை நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் மழை. சாந்தி பாறசாலை ஸ்டேஷனுக்கு வந்து என்னை வழியனுப்பினாள். கையில் ஒரு பாட்டில் தேன், போன வருஷத்தது. ரயில் வரும் சத்தம் கேட்டதும்தான் பேசினாள்.

"ஒரு காரியம் சொன்னா கோவப்படப்பிடாது. இன்னும் ஒரு கூடு போனா எல்லாத்தையும் தங்கராஜ் அண்ணனுக்கு குடுத்துட்டு, உன்கூட வாறதுன்னு மனசுல வச்சிருந்தேன். நேத்து அது எறங்கினப்போ, செரி, முடிஞ்சுன்னுதான் நின்னேன். நீயாக்கும் தண்ணி கோரி வீசினது."

"முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேட்டி!" என்று கத்தினேன். பிளாட்பாரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள்.

"சொல்லியிருந்தா வீசியிருக்க மாட்டியா?"

ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

இரண்டு சீட். ஒன்றில் நான், ஒன்றில் என் ஈரத்துணிப் பை. நாகர்கோவில் வரை வெளியே தென்னையும் வாழையும் நனைந்துகொண்டு வந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும், யாரோ கதவை அடைத்த மாதிரி மழை நின்றது. வறண்ட காற்று ஜன்னலில் மோதியது. வள்ளியூர் போவதற்குள் ஐந்து நாள் ஈரமும் போய், சேலை மொடமொடவென்று காய்ந்துவிட்டது. எதற்கு அப்படித் தவித்துக் கிடந்தேனோ அது கிடைத்துவிட்டது. தலைப்பை மூக்கில் வைத்துப் பார்த்தேன். அடுப்புப் புகை நாற்றம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவாவது ஊர் போய்ச் சேரும் வரைக்கும் காற்றில் கரையாமல் சேலையில் இருக்கட்டும் என்று எழுந்து ஷட்டரை இறக்கிவிட்டேன்.