இருபது சென்ட் வெறும் இடம்

வேணி கவுன்சிலர் ஆனபின் அவள் கேட்டு வாங்கிய முதல் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் அவள் புருஷனுக்குத்தான் போனது.

திண்டிவனத்தில் அபிராமி நகர் மனை போட்டபோது, பூங்காவுக்கென்று இருபது சென்ட்டை நகராட்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பூங்கா வரவில்லை, இடம் மட்டும் இருந்தது. ஒரு மூலையில் ஒருவர் மாட்டுக் கொட்டகை போட்டார். தெருவோரமாக ஒரு கட்சிக் கொடிக்கம்பம் முளைத்தது. நடுவில் தகரக் கூரை போட்டு, வேணியின் கணவர் ஆனந்தராஜ் தன் குட்டியானை சரக்கு வண்டியை நிறுத்திவந்தார். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த வேணியைத் தேர்தலில் நிற்க வைத்தது அவர்தான். அவள் ஜெயித்தால் கூரையை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்தார்.

ஜெயித்தவள் நேராக மாட்டுக்காரரிடம் போய் இடத்தைக் காலி பண்ணச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

"மொதல்ல உங்க வூட்டுக்காரரு கூரையப் பிரிக்கட்டும்மா. அடுத்த நிமிஷம் என் மாடு எழுந்து போவும்."

வேணிக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நோட்டீஸ் வந்தபோது ஆனந்தராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடக்கையில் பிடித்து இரண்டு தடவை படித்தார்.

"இன்னாடி இது, எனக்கேவா?"

"உங்களுக்கு இல்ல, வண்டிக்கு. ரசம் ஊத்தட்டா?"

"ஊரே சிரிக்கும்டி."

"சிரிச்சிட்டுப் போவட்டும். பிரிச்சிடுங்க."

பிரித்துவிட்டார். அதோடு அவளிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார். சோறு வேண்டுமென்றால் மகள் ஆர்த்தியைக் கூப்பிட்டு, வேணியின் காதில் விழும்படி ஆர்த்தியிடம் சொன்னார். வேணிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் மாடு போய்விட்டது. கொடிக்கம்பமும் ஒருநாள் தானாகவே தெருமுனைக்கு நகர்ந்தது. அவள் தையல் மிஷினை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே தைத்தாள்.

வேலி போட நிதி கேட்டு நகராட்சிப் பொறியாளரைப் பார்க்கப் போனாள்.

"உள்ள என்னங்க வரப்போவுது? ஜிம்மா, நீரூற்றா?"

"ஒண்ணும் வராதுங்க. மண்ணு அப்டியே இருக்கணும்."

பொறியாளர் நல்ல மனிதர். பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். கட்டுவதற்குத் திட்டம் இருக்கிறது, கட்டியதைப் பழுது பார்ப்பதற்கும் இருக்கிறது. ஓர் இடத்தைச் சும்மா விட்டுவைப்பதற்கு அவருக்குத் தெரிந்து இல்லை.

இதற்குள் பின்தெரு சபியா பீவி தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கோட்டக்குப்பத்திலிருந்து வந்து இங்கே வீடு கட்டியவர்; மகன் துபாயில். பேத்தி கல்யாணத்துக்குள் அந்த இடத்தில் சமுதாயக் கூடம் வேண்டும் என்றார்.

"எல்லா வார்டுலயும் கட்டடம் வருது. நம்ம வார்டுல மண்ணுதாம்மா கெடக்குது."

"கெடக்கட்டுங்க பீவிம்மா. புள்ளைங்க ஓடி வெளையாட வேற எடம் இல்லிங்க."

"அதுங்கல்லாம் போன்லதான வெளையாடுது?"

அப்படியும் வேணி மாட்டேன் என்றாள். அடுத்த தடவை அவளுக்கு ஓட்டுக் கிடையாது என்று அங்கேயே முடிவானது. ஆர்த்தியிடம் ஆனந்தராஜ், "உங்கம்மாவுக்கு வூட்டுக்குள்ளயும் ஆளு இல்ல, வெளியவும் ஆளு இல்ல" என்றார்.

கார்த்திகையில் புயல் வந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை விடிந்தும் நிற்கவில்லை. மேட்டுத் தெருத் தண்ணீர் முழுதும் உருண்டு வந்து பள்ளமான அந்த இருபது சென்ட்டில் இறங்கியது. இடம் ஏரியாகிவிட்டது. பின்தெருவில் வீட்டுப் படி வரை வந்த தண்ணீர் அதற்குமேல் ஏறவில்லை.

காலையில் நனைந்துகொண்டே வந்த ஆனந்தராஜ் வாசலில் நின்றார்.

"ஏய், இங்க வா. பாரு."

ஆர்த்தி எழுந்தாள்.

"உன்ன இல்ல. உங்கம்மாவ."

வேணி மழையில் இறங்கி வந்து பார்த்தாள்.

"கூரை இருந்திருந்தா என் வண்டி முழுகியிருக்கும்" என்றார், அதற்கும் அவள்தான் காரணம் என்பதுபோல.

"ஆமாங்க" என்றாள். கண் கலங்கியது. மழையில் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் சபியா பீவி வந்தார்.

"அங்க மண்டபம் கட்டியிருந்தா இந்தத் தண்ணியெல்லாம் எங்கம்மா போயிருக்கும்?"

"உங்க வூட்டு ஹாலுக்குத்தாங்க."

பீவி கல்யாணத்தைக் கோட்டக்குப்பத்திலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பொறியாளர் தாமே கூப்பிட்டார். சும்மா விடுவதற்குத்தான் நிதி இல்லை. மழைநீர் சேகரிப்புக் குட்டைக்கு இருந்தது. குட்டை என்றால் வேலியும் அதிலேயே அடக்கம். வேணி செய்ய வேண்டியிருந்ததெல்லாம் வெறும் இடத்தைக் குட்டை என்று எழுதித் தருவது. எழுதித் தந்தாள். நடுவில் கொஞ்சம் ஆழப்படுத்தி, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, ஒரு கேட்டும் வைத்தார்கள்.

மாசியில் ஒருநாள் கேட்டைத் திறந்து உள்ளே போனவள், மேட்டுப் பக்கம் யாரோ மல்லாட்டை காயப்போட்டிருப்பதைப் பார்த்தாள். இதுவும் ஆக்கிரமிப்பில் சேருமா என்று நின்று யோசித்தாள். வெயில் தாழ்ந்தால் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தோன்றியது. ஓரமாக உட்கார்ந்து ஒரு மல்லாட்டையை உடைத்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். இன்னும் சரியாகக் காயவில்லை.