திரையில் ராஜா ராணி

யுத்தம் முடிந்த மறுவருஷம், மயிலாப்பூரில் எங்கள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நான் இளவரசியாக நடித்தேன். எனக்கு எட்டு வயது. காட்டில் தொலைந்துபோன இளவரசியை ராஜாவும் ராணியும் தேடுகிற கதை. குழந்தைகள் விழா என்பதால் பெரியவர்கள் யாரும் மேடையேறக் கூடாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். சினிமா ஸ்டூடியோவில் கேமராக்காரருக்கு உதவியாக இருந்த என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு வழி கண்டுபிடித்தார். பெரியவர்களைப் படம்பிடித்துத் திரையில் ஓட்டுவது. குழந்தைகள் அதன் முன்னால் நின்று நடிப்பது.

ராஜா ராணியாக என் அப்பா அம்மாவையே போட்டார். சிக்கல் என்னவென்றால், அம்மா அப்போது எங்களோடு இல்லை. அவளுடைய தையல் மெஷினை, ஒரு வார்த்தை கேட்காமல், அப்பா தன் தங்கைக்குச் சீராக அனுப்பிவிட்டார். இரண்டு மாதமாக அம்மா சைதாப்பேட்டையில் பிறந்த வீட்டில் இருந்தாள்.

மாமா அசரவில்லை. அரண்மனை வரைந்த படுதாவைச் சுருட்டிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் போனார். எங்கள் கொல்லையில் அப்பாவையும், சைதாப்பேட்டை மொட்டைமாடியில் அம்மாவையும் எடுத்தார். அங்கே கேமராவுக்கு இடப்பக்கம், இங்கே வலப்பக்கம் என்று என்னை நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி அவர்களிடம் சொன்னார். இருவருமே நன்றாகச் சிரித்தார்கள்.

விழா நாளன்று ஜன்னல்களில் யுத்தகாலத்து இருட்டடிப்புத் துணியை மாட்டினார்கள். ஆண்கள் பக்கம் அப்பா, பெண்கள் பக்கம் அம்மா. படத்தில் பேச்சு கிடையாது. திரைக்குப் பின்னால் நின்று ராஜாவுக்கு மாமாவும் ராணிக்குப் பாட்டு டீச்சரும் பேசினார்கள். மாமா படத்தை ஒட்டியிருந்த விதத்தில் திரையில் அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மா பதிலுக்குச் சிரித்தாள். அவ்வளவு பெரிய அம்மாவை நான் பார்த்ததேயில்லை. என் வசனம் மறந்துபோயிற்று. படமோ எனக்காக நிற்காது.

"அம்மா, வீட்டுக்கு வாம்மா" என்றேன்.

பாட்டு டீச்சர் காகிதத்தில் இருந்ததையே படித்தார்: "இதோ வந்துவிட்டேன், மகளே."

சபை கைதட்டியது. வெளியே வந்ததும் அப்பா தயங்கித் தயங்கி அம்மாவிடம் போய், "போலாமா?" என்றார். அம்மா தலையாட்டினாள். எல்லாம் தான் பிலிமை ஒட்டிய சாமர்த்தியம் என்று மாமா மார்தட்டிக்கொண்டார்.

வாசலில் நின்ற ஜட்காவில் அம்மாவின் தகரப்பெட்டி இருந்தது. இது எப்போது வந்தது என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

"மத்தியானம் சைதாப்பேட்டைல உங்கம்மா ஏறசொல்ல கூடவே பொட்டியும் ஏறிட்ச்சு, பாப்பா" என்றார்.

அப்படியா என்று கேட்டுக்கொண்டு, பெட்டிமேல் ஏறிச் சௌகரியமாக உட்கார்ந்தேன். என் நடிப்பைப் பார்த்துத்தான் அம்மா திரும்பி வந்தாள் என்று அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு தடவைகூட மறுக்கவில்லை.