மதினி கடலுக்கு இறங்கிய நாள்

2023 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. நாலேகாலுக்கு எழுந்தேன். குளித்துவிட்டு, முந்தின இரவே டைரியில் எழுதிவைத்திருந்த பட்டியலை ஒருமுறை சரிபார்த்தேன்: புளியோதரை, தண்ணீர்க் கேன் இரண்டு, கோரைப்பாய் இரண்டு, மாற்றுத்துணி. கடைசி வரி, "சாமான் பொறுப்பு: மதினி." வாசலில் வேனுக்காகக் காத்திருந்த மதினி, தன் கக்கத்துக் கட்டையின் அடியில் புது ரப்பரை மாட்டித் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னக் கறுப்பு ரப்பர். அந்த நாளை நினைத்தால் முதலில் என் கண்முன் வருவது அதுதான்.

மதினி என் அண்ணன் மனைவி. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் வலது கால் சூம்பிவிட்டது. எங்கள் ஊர் இடைசெவலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் பயந்து நான் பார்த்தது மழைக்கு மட்டும்தான். காய்ந்த கரிசல் கல் மாதிரி கிடக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் கட்டையை அரை முழத்துக்குப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் கட்டை வரும், ரப்பர் வராது. எங்கள் புஞ்சைக்குள் அவருடைய ரப்பர்கள் எத்தனை புதைந்து கிடக்கின்றனவோ! ஐப்பசி, கார்த்திகையில் வாசற்படி தாண்டமாட்டார். குற்றாலம், திருச்செந்தூர் என்று எங்கே போனாலும் நாங்கள் தண்ணீரில் இறங்குவோம், மதினி பைகளோடு உட்கார்ந்திருப்பார். யாரும் அப்படி முடிவு செய்ததில்லை. தானாக அமைந்துவிட்டது. நான் அதைப் பட்டியலிலும் ஏற்றிவிட்டேன்.

தூத்துக்குடிக் கடற்கரைப் பூங்காவில் சிமெண்டு நடைபாதை முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. அங்கே கடைசி பெஞ்சில் மதினியை உட்காரவைத்தோம். காலையில் இரண்டு முறை கடலுக்குப் போய் வந்தோம். சாப்பிட்டு, வெயில் தாழ்ந்து, மூன்றாம் முறை கிளம்பும்போது, "பைகளப் பாத்துக்கிடுங்க மதினி" என்றேன்.

"இப்ப நீங்க பாருங்க தம்பி. இத்தன வருசமாச்சு, நானும் போயி கால நனைச்சிட்டு வாரேன்."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். மணலில் முதல் ஊன்றலிலேயே கட்டை ஒரு சாண் இறங்கியது. அண்ணன் ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"ஏட்டி, காஞ்ச மண்ணே இந்த இழு இழுக்குது. ஈரத்துக்குப் போனா கிரேன் வச்சுத்தான் தூக்கணும்."

"எனக்கு எதுக்குக் கிரேன்? இந்தத் தொந்தியோட நீங்க விழுந்தாத்தான் வேணும்."

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கட்டை மாட்டிக் கீழே விழுந்தால் இருக்கிற ஒரு நல்ல காலும் போய்விடும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். அப்போது எனக்கு அது மிகச் சரியாகவே பட்டது.

மதினி கையை நீட்டிக் காட்டினார். "அங்கன பாருங்க. பஞ்சுமிட்டாய்க்காரரு சைக்கிள காஞ்ச மணல்ல தள்ள முடியாம தள்ளுதாரு. தண்ணி ஓரம் போனதும் ஏறி மிதிக்காரு. காலைலேருந்து நாலு தடவ பாத்துட்டேன். இங்கன ஈரந்தான் தம்பி தரை. காஞ்சதுதான் சேறு."

பார்த்தேன். ஈர மணலில் டயரின் தடம் பென்சில் கோடு போலக் கிடந்தது. காலையில் இரண்டு முறை அதே ஈரத்தில் நடந்துவிட்டு வந்தவன் நான். என் கால் அறிந்ததைக்கூடக் கரிசல்காட்டுப் புத்தி நம்பவில்லை. பெஞ்சில் இருந்தவர் கண்டுபிடித்திருக்கிறார்.

இடையிலிருந்த காய்ந்த மணலுக்கும் அவரே வழி சொன்னார். இரண்டு பாய்களையும் நாலாக மடித்து ஒன்றன்முன் ஒன்றாகப் போட வேண்டும். முன்பாயில் அவர் ஏறியதும் பின்பாயை எடுத்து முன்னால் போட வேண்டும். அண்ணனும் நானும் மாறிமாறிப் போட்டோம். "இடைவெளி விடாதிய", "அந்தச் சுருக்கத்த எடுங்க" என்று வழிநெடுக அதிகாரம். இருபத்திரண்டு முறை போட்டோம்.

ஈரத்தின் விளிம்பில் மட்டும் நின்றார். கட்டையை நீட்டி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பலமாக ஊன்றி இழுத்தார். ரப்பரோடு வந்தது.

"ஏ, விட்டுட்டுல்லா!"

அதன்பின் அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தூத்துக்குடிக் கடலில் பெரிய அலை கிடையாது. சின்ன அலையொன்று வந்து இரண்டு கால்களையும் நனைத்துவிட்டுப் போனது. பின்னால் அண்ணன் கைகளை விரித்தபடியே நின்றார், தொடவில்லை.

பைகளுக்கு ஆளில்லாதது நினைவு வந்து நான் பெஞ்சுக்குத் திரும்பினேன். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும்தான் தெரிகிறது. அத்தனை ஊர்களிலும் மதினி அதைத்தான் பார்த்திருக்கிறார்.

இப்போதும் அந்தப் பூங்காவுக்குப் போகிறோம். சாமான் பொறுப்பு ஆளுக்கொரு முறை. மதினியின் முறை வந்தால் அவர் பெஞ்சில் இருப்பார், முறையில்லாத நாளில் தண்ணீரிலிருந்து வெளியே வரமாட்டார். அந்த ரப்பர் தேய்ந்து அதற்குப் பிறகு இரண்டு மாற்றியாகிவிட்டது.

அன்று கடலுக்குப் போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை காலை, மதினி முதல் வேலையாகக் கட்டையைக் கவிழ்த்து ரப்பரைக் கழற்றினார். உள்ளே கடல்மணல். கழுவுவதற்குச் செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, முற்றத்துக் கரிசலில் தட்டிக் கொட்டினார்.

"கிடக்கட்டும் தம்பி. இந்த மண்ணும் கொஞ்சம் கத்துக்கிடட்டும்."