பூட்டிய டயல்

பழைய டெலிபோன் சேர்ப்பவர்கள், அவற்றைப் பழுது பார்த்துத் தரும் அவரை ‘டயல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். போனைக் கையில் வாங்கியதும் அக்கா அதைக் கவிழ்த்து அடித்தகட்டின் திருகுகளைப் பார்ப்பார். பிறகு அதன் உடம்பைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து மோந்து பார்ப்பார். மருந்து நெடி வந்தால் அசல் பேக்கலைட், அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக். வராவிட்டால், “பொம்மைக் கடைச் சரக்கு. யாரோ நல்லா உங்க தலையில கட்டிட்டாங்க” என்று சிரிக்காமல் சொல்வார்.

ஒன்றை மட்டும் அவர் தொட மாட்டார். டயலைச் சுழல விடாமல் அதன் ஓட்டையில் மாட்டுகிற சின்னப் பூட்டு.

அவர் சிறுமியாக இருந்தபோது அம்மா ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். வீட்டுக்காரர்கள் வெளியூர் போனபோது திருட்டுப் பயத்தில் அம்மாவையும் மகளையும் உள்ளே வைத்து வாசல் கேட்டைப் பூட்டினார்கள். வேலைக்காரி கண்டவர்களுக்கும் போன் போட்டுவிடுவாள் என்று டயலையும் பூட்டினார்கள். அன்று அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சரிந்தாள். மகள் விரலை விட்டுச் சுழற்றினாள், டயல் அசையவில்லை. காதில் வைத்தால் இணைப்பு உயிரோடு இரைந்துகொண்டிருந்தது. பாடை தூக்க வந்தவர்கள் விதி என்றார்கள். விதிக்கு யாரும் சாவி செய்து பையில் போட்டுக்கொண்டு ஊர் போவதில்லை.

பின்னாளில் இந்த வேலை பழகியபோதுதான், ரிசீவர் உட்காரும் கொக்கியைத் தட்டினாலே எண் போய்விடும் என்று அக்காவுக்குத் தெரிந்தது. பூட்டால் அதைத் தடுக்க முடியாது. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சேகரிப்பாளர் அவரை வீட்டுக்கு அழைத்தார். ஒரே இணைப்பில் இரண்டு கறுப்புப் போன்களைப் பொருத்த வேண்டும்: ஒன்று அவர் அறைக்கு, மற்றது சமையலறைக்கு. சமையலறைப் போனில் அவரே பூட்டு மாட்டியிருந்தார்.

“பழைய போன்ல ஒண்ணுல டயல் பண்ணினா இன்னொண்ணு லேசாக் கிணுங்கும்ல? அதை நிறுத்திடாதீங்கம்மா. அதுதான் அசல். யாரு கை வெச்சாலும் எனக்குத் தெரிஞ்ச மாதிரியும் இருக்கும்.”

பழைய டயலின் துடிப்பு இன்றைய இணைப்புக்குப் புரியாது. நடுவில் அதை மாற்றித் தரும் தீப்பெட்டியளவு கருவி ஒன்றை வைக்க வேண்டும். அதை அக்கா பொருத்திக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் பெண் பக்கத்தில் வந்தாள்.

“அக்கா, செல்லைக் கொஞ்சம் தர்றீங்களா? என் பொண்ணுக்கு மூச்சுத் திணறல். நாத்தனார்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். என் செல்லை அய்யா பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு. ஞாயித்துக்கிழமைதான் தருவாரு.”

அக்கா உடனே கொடுத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அக்கா சமையலறைப் போனை அவள் பக்கம் நகர்த்தினார். “இங்க பாரு. இந்தக் கொக்கியைத் தட்டணும். மூணுன்னா மூணு தட்டு. கொஞ்சம் விட்டு அடுத்த நம்பர்.”

“மாவு சலிக்கிற மாதிரி இருக்கே! அப்போ பூஜ்யத்துக்குத் தட்டவே வேணாமா?”

“அதுக்குத்தான் பத்து.”

“ஒண்ணுமில்லாததுக்கா இந்தப் பாடு!” என்று சிரித்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். “வேணாம்க்கா. அய்யா ரூம்ல கிணுங்கும். வேலை போயிடும்.”

“கிணுங்காது.”

அக்கா சேகரிப்பாளரின் அறைக்குப் போய் மணிக்கான கம்பியை மாற்றிக் கட்டினார். இனி அழைப்பு வந்தால் மட்டும்தான் மணி அடிக்கும்.

“உங்களுக்கு யாருக்கா இதைச் சொல்லித் தந்தா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“யாரும் இல்லம்மா. லேட்டாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

அந்த வாரக் கடைசியில் சேகரிப்பாளர் கூப்பிட்டார். “என்னம்மா, மணி கிணுங்கவே மாட்டேங்குது? வேலைக்காரி வேற சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டா.”

“குழந்தை எப்படி இருக்காம்?”

“எந்தக் குழந்தை?”

அக்கா அழைப்பைத் துண்டித்தார். தன் செல்லிலிருந்து அந்தப் பெண் அன்று போட்ட எண்ணைத் தேடி அழைத்தார். இந்த முறை நாத்தனார் எடுத்தாள். பின்னால் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

“அண்ணி பேசுற நிலைமையில இல்லீங்க. நேத்து சாயங்காலமே வந்து சேர்ந்துட்டாங்க. பாப்பா கண்ணைத் திறந்து பார்த்துச்சு. அம்மான்னுச்சு. காலையில அவங்க மடியிலயே...”

 அக்கா எழுந்து குடையை எடுத்தார். அந்தப் பெண்ணின் செல் இன்னும் சேகரிப்பாளரின் பீரோவில்தான் இருந்தது. அக்கா அதை வாங்கக் கிளம்பினார்.