விழுந்ததை எண்ணுகிறவர்கள்

எங்கள் ஊரான விட்பியில் ரயிலேறி நகர மையத்திலுள்ள கல்லூரிக்குப் போகும்போதுதான் அது என் தலைக்குள் புகுந்தது. கைப்பேசியில் ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கியிருந்தேன். அன்றைய பாடத்தில் ஒரு பழமொழி வந்தது: ஏழு தடவை விழுந்தாலும் எட்டாவது தடவையும் எழும்பிவிட வேண்டுமாம். கணக்கு கொஞ்சம் இடித்தது. எட்டாவதாக எழும்ப எட்டாவதாக விழவும் வேண்டாமா? இருக்கட்டும், அம்மாவுக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறதே என்று துள்ளினேன்.

அம்மா கார் ஓட்டும் பரீட்சையில் தோற்றுக்கொண்டே இருந்தார், அதுவரை மூன்று தடவை. எங்கள் புதுக் குடியிருப்பிலிருந்து அவர் பொதி கட்டும் கிடங்குக்கு பஸ் இல்லை. பக்கத்துத் தெரு அங்கிளின் வான் வண்டியில்தான் நாலைந்து பெண்களோடு போய்வந்தார். அங்கிள் கோடையோடு ஆட்களை ஏற்றி இறக்கும் அந்த வேலையை விடுகிறார். வீட்டில் ஒரு பழைய கார் நின்றது, ஆனால் நான் ஓட்டிக்கொண்டுபோய் விட, என் வகுப்பும் அம்மாவின் ஷிஃப்டும் ஒத்துவரவில்லை. கோடை முடிவதற்குள் லைசென்ஸ் கிடைக்காவிட்டால் வேலை போய்விடும்.

அடுத்த பரீட்சைக்கு, சித்தி சொன்னாரென்று, பரீட்சை நிலையத்திலேயே காரின் முன்சில்லுகளுக்குக் கீழே, தேசிக்காய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சம்பழம் வைத்தார் அம்மா. புதுக் கார் வாங்கினால் நம் ஆட்கள் செய்வதுதான். கார் நகர்ந்ததும் சதக்கென்று சத்தம். பரிசோதகப் பெண் பதறி இறங்கிக் குனிந்து பார்த்தாள். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் விளக்க வரவில்லை. அந்த நடுக்கத்தோடு பெரிய சந்தியில், வலப்பக்கமாகவே ஓட்டும் இந்த நாட்டில் எதிர்வரிசையைக் குறுக்கே கடக்க வேண்டிய இடப்பக்கத் திருப்பத்துக்குப் போய், எதிரே கார்கள் வர, விளக்குச் சிவந்த பிறகும் நடுவில் நின்றுவிட்டார். நாலாபக்கமும் ஹோர்ன். அத்தோடு முடிந்தது.

கல்லூரி விடுமுறை என்பதால் மறுநாள் நானும் கிடங்கு வேலைக்கு அதே வானில் ஏறினேன். சித்தி மூலம் கதை எங்களுக்கு முன்னாலேயே ஏறியிருந்தது.

“வாங்கோ தேசிக்காய் அக்கா!” என்றார் அங்கிள். “பரீட்சை நிலையத்தில நீங்கள் குந்தியிருக்க உங்கட பேரில ஒரு கதிரை போட்டு வைச்சிருக்கினமாமே?”

“அக்கா லைசென்ஸ் எடுக்கிறதுக்குள்ள தானா ஓடுற கார் வந்திடும்,” என்றார் பின்சீட் அன்ரி.

அம்மா சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஜப்பானியர் சொல்வதை முழுமூச்சில் விளக்கினேன்.

“ஓ, ஏழோ!” அங்கிள் ஸ்டியரிங்கில் தட்டினார். “அப்ப அக்காவுக்கு இன்னும் மூண்டு கிடக்கு. யப்பான்காரனே அளந்து குடுத்திருக்கிறான்.”

கிடங்கு வரும்வரை சிரித்தார்கள். அன்றிலிருந்து அம்மா கதவைத் திறக்கும்போதெல்லாம், “இன்னும் மூண்டு!” என்பதுதான் அங்கிளின் காலை வணக்கம். ஆறுதல் என்று நான் கொண்டுபோனதை அவர்கள் எறிகிற கல்லாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாலை, காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்து அம்மா சொன்னார்: “விழுறது நான், பிள்ளை. நீங்கள் எல்லாரும் சேர்ந்து எண்ணுறியள்.”

பதில் சொல்ல வாயெடுத்தேன்.

“ஒண்டும் சொல்லாத. அந்தச் சந்திக்கு எப்ப கூட்டிக்கொண்டு போறாய்?”

அடுத்த பரீட்சை பக்கத்து ஊரான ஒஷாவாவில், அங்கிள் வேலையை விடுவதற்குச் சற்று முன்பு. இந்தச் சனிக்கிழமை விடியவே போகிறோம். அம்புக்குறி விளக்கு இல்லாத அந்தச் சந்தியில், எதிரே கார்கள் வரவர, இடப்பக்கம் திரும்பப் பழகப் போகிறார். நான் பக்கத்தில் இருப்பேன், வாயை மூடிக்கொண்டு. அதுதான் எனக்குக் கஷ்டம்.