போடியார் வீட்டுக் குதிரைக்காரன்

எங்கள் ஊரில் போடியார் என்றால் பெரிய வயல்காரர். போடியார் வீட்டுப் பிள்ளைகள் டொக்டராவார்கள், எஞ்சினியராவார்கள், அல்லது பரம்பரை வயலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். குதிரைப் பந்தயம் ஓடியவன் நான் ஒருவன்தான்.

அட்டாளைச்சேனையில் வாப்பாவின் வயலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்துவர ஒரு காலை நேரம் முழுதும் வேண்டும். அந்த வயலில் நான் ஒருநாளும் மண்வெட்டி பிடித்ததில்லை. பத்து வயதில் என்னை மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றின் விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே என் வகுப்பில் தேயிலைத் தோட்ட முதலாளி ஒருவரின் மகன் இருந்தான். அவன் வீட்டில் குதிரைகள் இருந்தன. சனிக்கிழமைகளில் அவனோடு போய்விடுவேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததில் பாதி மறந்துபோயிற்று. குதிரையேற்றம் மட்டும் உடம்பிலேயே தங்கிவிட்டது.

நுவரெலியாவில் சித்திரையில் நடக்கும் பந்தயங்களில் ஓடுகிற ஜொக்கிகளுக்கு அதுதான் தொழில். எங்களைப் போல ஆசைக்கு ஓடுகிறவர்களுக்கென்று ஒரேயொரு ஓட்டம் வைப்பார்கள். தோட்ட முதலாளிமார், வக்கீல்மார், ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரிகள் எல்லாம் அதில் ஓடுவார்கள். அந்தப் பள்ளிக்கூட நண்பன் தன் குதிரையை எனக்குத் தருவான். ஓடட்டுமா என்று நான் முதல்முறை கேட்டபோது வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“குதிர ஓடுறது பாவமில்ல. அத வெச்சி சூது ஆடுறதுதான் பாவம். நீ ஓடு. ஆனா அந்தச் சூதுல வாற எதுவும் நம்மட வீட்டுக்க வரப்படா.”

அதற்குப் பிறகு அவர் குதிரையைப் பற்றிக் கதைத்ததே இல்லை. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண் குதிரையை நான் வாங்கி லொறியில் கொண்டுவந்து இறக்கிய அன்று மட்டும் அருகில் வந்தார். எருமை வாங்கும்போது பார்ப்பதுபோல அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். “பத்து வயசு,” என்றார். சரியாகத்தான் சொன்னார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதிகாலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் குதிரையை ஒலுவில் கடற்கரைக்குக் கொண்டுபோவேன். துறைமுகத்துக்கு அப்பால், ஈர மணல் இறுகிக் கிடக்கும் இடத்தில் விட்டு ஓட்டுவேன். தோணிகள் கரைக்கு வரும் நேரம் அது. வலை இழுப்பவர்கள் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள். ஓட்டம் வேகமெடுக்கும்போது ஓர் இடம் வரும். அதுவரை உடம்பைக் குலுக்கிக்கொண்டிருந்த குதிரை திடீரென்று குலுக்கலை நிறுத்தும். கீழே ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். காற்றும் அவள் மூச்சும் மட்டும் கேட்கும். இன்றைக்கும் நான் ஏங்குவது அந்த ஒரு கணத்துக்காகத்தான்.

பிறகு பெற்றோல் இல்லாத காலம் வந்தது. ஊரே வரிசையில் நின்றது. வாப்பாவின் ஜீப் கராஜில் தூசு பிடித்தது. சின்னப்போக நெல் வயலில் நின்றது, அதற்குப் போடப் பசளையும் கிடைக்கவில்லை. வயலைப் பார்க்காமல் வாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலை நான் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

“உன்ட குதிர என்னத் தாங்குமா?”

நான் திரும்பிப் பார்த்தேன். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார்.

“தாங்கும் வாப்பா.”

கதிரையொன்றைப் போட்டு ஏற்றினேன். எழுபது தாண்டிய மனிதர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். “போடியார், ராசா மாதிரி இரிக்கீங்க!” என்று ஒருவர் கத்தினார். வாப்பா சிரிக்கவில்லை, ஆனால் அவருக்குப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. வாய்க்கால் கட்டில் போகும்போது நிறுத்தச் சொன்னார்.

“இஞ்ச இருந்து பாத்தா தண்ணி நிக்கிற இடமெல்லாம் தெரியுது மகன். இவ்வளவு காலமும் ஜீப்புல இருந்துகிட்டு இதக் காணல்லயே.”

அந்தப் போகம் முழுவதும் அப்படித்தான் போனோம். மேலே அவர், கீழே நான். அதுவரை நாங்கள் அவ்வளவு கதைத்ததில்லை. பெற்றோல் வந்ததும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். அதன் பிறகு குதிரையில் ஏறவே இல்லை.

அடுத்த சித்திரை நோன்பு மாதத்தில் வந்தது. பயணத்தில் நோன்பை விட அனுமதியுண்டு என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். நான் விடவில்லை. எப்படியும் எடைக்காகப் பட்டினி கிடக்கத்தான் வேண்டும், அதை நோன்பாகவே இருப்போமென்று நினைத்தேன். பின்னேரம் ஓட்டம். நாக்கு வறண்டிருந்தது, தலை மட்டும் தெளிவாக இருந்தது. கடைசி வளைவுக்கு வரும்போது முன்னால் ஒரே குதிரைதான். நான் இரண்டாவதாக வந்தேன்.

இறங்கி, எடை பார்த்துவிட்டு வெளியே வந்தால், திடலைச் சுற்றியிருந்த வேலிக்கு வெளியே, தெருவோரத்தில் வாப்பா நிற்கிறார். கொழும்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். மலைக்குளிருக்குத் தலையைச் சுற்றித் துவாய் கட்டியிருந்தார்.

“எப்ப வந்த நீங்க? உள்ளுக்கு வந்திருக்கலாமே.”

“உள்ளுக்கு சூது ஆடுறாங்க. இஞ்ச இருந்தே வடிவாத் தெரிஞ்சிச்சி.”

“ரெண்டாவதுதான் வாப்பா.”

“பாத்தன். கடைசி வளைவுல நீ அதப் புடிச்சி வெச்சிட்டாய். உட்டிருந்தா முந்தியிருக்கும். ஏன் புடிச்ச?”

வாழ்நாள் முழுக்க எருமைகளின் கால்களைப் பார்த்த கண் அது. நானும் குதிரையும் மட்டுமே அறிந்ததை வேலிக்கு வெளியே நின்று கண்டுகொண்டார்.

“பயந்திட்டன் வாப்பா.”

அப்படியொரு வார்த்தையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“சரி. உசிரோட வந்திருக்காய். வா, நோம்பு துறக்க நேரமாகுது.”

காருக்குள் இருந்து ஈச்சம்பழத்தாலும் தண்ணீராலும் நோன்பு திறந்தோம். கண்ணாடியெல்லாம் பனி படர்ந்திருந்தது. அவர் கையால் துடைத்துத் துடைத்துத் திடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாரி மழைக்குள் வாப்பா மௌத்தானார். வயலிலிருந்து வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழும்பவில்லை.

அடுத்த சித்திரையில் நான் மறுபடியும் ஓடப் போனேன். நண்பனின் அதே குதிரை, அதே திடல். காலையில் மழை பெய்து புல் நனைந்திருந்தது. கடைசி வளைவில் எனக்கு முன்னால் இரண்டு குதிரைகள். போன வருடம் இறுகிய கை இந்தமுறையும் இறுகப் பார்த்தது. நான் தளர்த்தினேன். குதிரை பாய்ந்தது. ஒரு குதிரையைக் கடந்தது. மற்றதன் கழுத்தருகே வந்தபோது என் குதிரையின் முன்கால் வழுக்கியது. வானமும் புல்லும் புரண்டது மட்டும் நினைவிருக்கிறது. குதிரை தானாக எழுந்து ஓடியது. என்னால் எழும்ப முடியவில்லை. இடுப்பெலும்பு உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மனைவி என் கட்டிலருகே இருந்து, அழுது முடித்த பிறகு கேட்டாள்.

“யாருக்குக் காட்டுறதுக்கு இப்பிடி உட்டீங்க? அவர்தான் இல்லியே.”

 

நடக்கலாம், குதிரையில் ஏறக்கூடாது என்றார் டொக்டர். ஓட்டுவதற்கு ஆளில்லாமல் எங்கள் வீட்டுக் குதிரை லாயத்துக்குள் நின்று நின்று கால் வீங்கினாள். கடைசியில் நண்பனின் தோட்டத்துக்கு அனுப்பினேன். லொறியில் ஏற மறுத்தாள். தடியை ஊன்றிக்கொண்டு நானே முன்னால் ஏறி நின்றேன். பிறகுதான் வந்தாள். நான் பின்பக்கத்தால் இறங்கும்போது கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

நண்பன் அவ்வப்போது போனில் வீடியோ அனுப்புவான். மஞ்சுக்குள் புல் மேய்கிறாள், உடம்பு வைத்திருக்கிறது. “ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்களன்,” என்பாள் மனைவி. ஓம் என்பேன். இரண்டு வருடமாகப் போகவில்லை. போனால் ஏறாமல் வர என்னால் முடியாது, அதுதான் காரணம். அதை அவளிடம் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும்.

வயலை இப்போது நான்தான் பார்க்கிறேன். வாய்க்கால் கட்டில் நடந்து போகும்போது தண்ணீர் நிற்கும் இடங்கள் எனக்குத் தெரிவதில்லை. கதிர்களின் தலை மட்டத்தில்தான் என் கண் இருக்கிறது. சில காலைகளில் காற்று கடற்பக்கமிருந்து அடித்து, நெல் முழுவதும் ஒரே திசையில் சாய்ந்து ஓடும். அப்போது என் முழங்கால்கள் இரண்டும், சேணத்தைப் பிடிப்பதுபோல, தாமாகவே உள்நோக்கி இறுகும். பார்ப்பவர்கள் இடுப்பு வலி என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் ஆமென்று தலையாட்டிவிட்டு, கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டு நடப்பேன்.